எண்ணெய் தேய்த்துக்கொண்டு ரோமாபுரிக்கு

வைத்திலிங்கத்துக்கு அறுபத்தேழு வயது. அவருடைய குரு ஐயாறப்பச் சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் சாமி வாயைத் திறந்தால் வைத்திலிங்கம் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். பல வருஷமாகத் தீட்சைக்குக் காத்திருக்கும் மனிதர், கட்டாமல் என்ன செய்வார்?

அன்பர்கள் அழைத்து இருவரும் ரோமாபுரிக்கு வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி சொன்னார்: “நாளைக்கு அந்தக் காலத்து ராஜா கட்டின குளியல் மண்டபத்துக்குப் போறோம்.”

“என் தீட்சை, சாமி?”

“நாளைக்கு நீங்க குளிச்சு முடிச்சதும்.”

வைத்திலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ராஜா கட்டிய குளம், பக்கத்தில் குரு, நாளோ சனிக்கிழமை! விடிந்ததும் நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டார். விடுதிக் குளியலறையை ஏறெடுத்தும் பார்க்காமல், செம்பும் சீயக்காய்ப் பொட்டலமுமாகச் சாமியோடு கிளம்பிவிட்டார்.

குளிக்காமல் அவர் பச்சைத் தண்ணீரைக்கூடப் பல்லில் படவிட மாட்டார். பிறர் மேலே பட்டுவிட்டால் மறுபடி ஒரு முழுக்கு. அவர் ஆசாரம் அப்படி. அன்றைக்கு பஸ்ஸில் அவர் மேல் பட யாரும் ஆசைப்படவில்லை.

போய்ப் பார்த்தால், வானத்தை முட்டும் செங்கல் சுவர்கள் நின்றன. கூரை இல்லை. தண்ணீர் மருந்துக்கும் இல்லை.

காவலுக்கு நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். காந்தரூபன் என்று பெயர்.

“தம்பி, குளம் எங்க?”

“உந்தப் பள்ளம்தான் ஐயா குளம்.”

“தண்ணி?”

“அது நிண்டு ஆயிரம் வருசத்துக்கு மேல.” காந்தரூபன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஆனா நீங்கள் முறையாத்தான் வந்திருக்கிறியள். அந்தக் காலத்து ஆக்களும் எண்ணெய் பூசித்தான் குளிச்சவை. பிரபுவும் வருவார், மூட்டை தூக்கிறவனும் வருவான். எல்லாருக்கும் ஒரே தண்ணிதான்.”

“ஒரே தண்ணியா!” வைத்திலிங்கம் முகத்தைச் சுளித்தார்.

வாசலோரம் ஒரு குழாய் கண்ணில் பட்டது. போய் அதன் அடியில் தலையைக் கொடுத்தார். காந்தரூபன் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

“ஐயா! உதில குடிக்கலாம், கை கழுவலாம். குளிச்சா பொலிஸ் வரும்!”

சாமி சுவர் நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வைத்திலிங்கத்துக்குப் பசி காதை அடைத்தது.

“எங்க சாமி குளிக்கிறது?”

“இங்கதான்.”

“தண்ணி இல்லியே!”

“இறங்கிப் பாருங்க.”

குரு சொல்லைத் தட்டலாமா? வைத்திலிங்கம் பள்ளத்தில் காலை வைத்தார். எண்ணெய்க் காலும் வழவழத்த கல்லும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு அடிவரைக்கும் போய்ச் சேர்ந்தார். நெற்றி எண்ணெய் கண்ணில் இறங்கியது.

“ஐயோ, கண்ணு!”

சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஓடிவந்தார்கள். ஒரு ஜப்பான்காரர், கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு கறுப்பினப் பெண், இரண்டு ஜெர்மன் பையன்கள், இன்னும் யார் யாரோ. தூக்கத் தூக்க விலாங்கு மாதிரி வழுக்கினார்.

“தொடாதீங்க! தொடாதீங்க!” என்று அலறினார். பாவம், எலும்பு முறிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். கண் எரிகிறதென்று புரிந்ததும் ஆளாளுக்குக் குடிதண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவர் தலையில் ஊற்றினார்கள்.

ஒருவழியாக மேலே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வைத்திலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

“எத்தனை பேர் தொட்டுட்டாங்க, சாமி! இனி எங்க குளிப்பேன்? எப்போ தீட்சை வாங்குவேன்?”

“அவங்க கையைப் பாருங்க,” என்றார் சாமி.

பார்த்தார். அத்தனை கைகளிலும் எண்ணெயும் புழுதியும். அந்தப் பெண் கேமராவைத் தொட முடியாமல் இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். ஜப்பான்காரர் சட்டையில் துடைக்க மனமில்லாமல் முழித்தார். குடிக்கவோ கழுவவோ ஒருவரிடமும் சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை. வைத்திலிங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது.

செம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். கையாலேயே எல்லோரையும் கூப்பிட்டார். ஒவ்வொரு கையிலும் சீயக்காய் வைத்து, தண்ணீர் ஊற்றினார். ஜெர்மன் பையன் ஒருவன் பொடியை வாயில் போடப் போனான். அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்து, தானே தேய்த்துவிட்டார். காந்தரூபன் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வரிசை முடியும் இடத்தில் இன்னும் இரண்டு கைகள் நீண்டன. அவற்றிலும் எண்ணெய். நிமிர்ந்தார். சாமி நின்றிருந்தார். தூக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பொட்டலத்தில் கடைசிச் சிட்டிகைதான் இருந்தது. அதைக் குருவின் கையில் வைத்தார். வைத்திலிங்கத்தின் தலையிலிருந்து இன்னும் எண்ணெய் சொட்டியது.

“சீயக்காய் தீந்துபோச்சு சாமி. நான் இன்னும் குளிக்கலியே?”

“எனக்கு ஊத்துங்க,” என்றார் சாமி. “அத்தோட நீங்க குளிச்சு முடிச்சாச்சு.”