ஏழு ஓலையும் ஒரு கயிறும்

மருதங்குடியை ஆண்ட மகாராஜா கீர்த்திவாகனர் போர் எதையும் செய்ததில்லை. எழுதுவதற்கு வேறு விஷயம் கிடைக்காததால் அவர் சாப்பிட்டதையும் தூங்கியதையும் ஓலையில் எழுதிவைத்தார்கள். ஒரு சம்பவத்துக்கு ஓர் ஓலை. எழுதுகிறவர் ஓலைநாயகம் மாதவராயர். ஓலைகளை அடுக்க அவர் ஒரு மரியாதை வரிசை வைத்திருந்தார். மகாராஜா செய்தது எதுவோ அது முதலில். வேலைக்காரர் விவகாரம் அடுத்து. கெட்ட சேதி எல்லாவற்றுக்கும் கடைசியில். எது எப்போது நடந்தது என்று அந்தக் கட்டைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

அன்று சபையில் மாதவராயர் ஏழு ஓலை கொண்ட ஒரு கட்டை எடுத்து வாசித்தார்.

"மகாராஜா ஒரே அமர்வில் முப்பத்திரண்டு அதிரசம் உண்டருளினார். மகாராஜா பட்டத்து யானைக்குத் தம் கையாலேயே ஒரு கூடை வெல்லம் ஊட்டினார். மகாராணியாரின் பாட்டை மகாராஜா கண்மூடி, குறட்டையோடு ரசித்தார். பூவாத்தாள் என்பவள் அரண்மனை அடுப்படியில் சேர்ந்தாள். மகாராஜாவுக்கு வயிற்று உபாதை கண்டது. பட்டத்து யானை படுத்தது, எழவில்லை. மகாராணியார் பேச்சை நிறுத்தினார்."

வாசித்துவிட்டுக் கட்டை மூடினார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. சபைக்கு அது தேவைப்படவும் இல்லை. அவள் வருகிற வரைக்கும் எல்லாம் சுகம், வந்த பிறகு எல்லாம் நாசம் என்று ஆளாளுக்குத் தலையை ஆட்டினார்கள். அவள் வருவதற்கு முன்பு பன்னிரண்டு வருஷம் அந்த அடுப்படியில் கரண்டி பிடித்தவர் மாதவராயரின் மைத்துனர் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பூவாத்தாளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கையில் மாவு காயவில்லை. மகாராஜா கேட்டதற்கு, சேர்ந்தது நிஜம், அடுப்பு மூட்டியதும் நிஜம் என்று ஒப்புக்கொண்டாள்.

"யானை இருக்கிற பக்கம் நான் போனதே இல்லீங்க சாமி" என்றாள்.

அது எடுபடவில்லை. மொட்டையடித்து எல்லைக்கு அப்பால் துரத்துவது என்று முடிவாகி, நாவிதனுக்கு ஆள் போயிற்று.

விகடகவி காளத்தி எழுந்தான். அவனுக்கு நியாயத்தின் மேல் பற்று உண்டு. பூவாத்தாள் வைக்கும் மிளகுக் குழம்பின் மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உண்டு. ஓலையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சொன்னான்.

மாதவராயருக்குக் கோபம் வந்தது. ஓர் எழுத்து பொய்யென்று காட்டினால் எழுத்தாணியை அங்கேயே கீழே போடுவதாகச் சத்தியம் செய்தார். மகாராஜாவுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. அடுப்படிக்காரி பிழைத்துக்கொள்ள ஒரு வழி விட்டார்.

"காளத்தி, ஓர் எழுத்தை அழிக்கக் கூடாது. ஓர் எழுத்தைச் சேர்க்கக் கூடாது. இதே ஏழு ஓலையை வைத்து அவளைக் காப்பாற்று. முடியாவிட்டால் நாவிதனுக்கு இன்றைக்கு இரண்டு தலை."

காளத்தி கட்டை வாங்கினான். முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை உருவினான். ஓலைகளைச் சீட்டுக் கலைப்பதுபோலக் கலைத்தான்.

"வரிசையைக் கெடுக்கிறான், மகாராஜா" என்றார் மாதவராயர்.

"எழுத்தைத் தொடவில்லை ஐயா, கயிற்றைத்தான் தொட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காளத்தி வாசிக்கத் தொடங்கினான்.

"மகாராஜா ஒரே அமர்வில் முப்பத்திரண்டு அதிரசம் உண்டருளினார். மகாராஜாவுக்கு வயிற்று உபாதை கண்டது."

சபையில் யாரோ இருமினார்கள்.

"மகாராஜா பட்டத்து யானைக்குத் தம் கையாலேயே ஒரு கூடை வெல்லம் ஊட்டினார். பட்டத்து யானை படுத்தது, எழவில்லை."

இப்போது இருமல் பல இடங்களிலிருந்து வந்தது. சேனாதிபதி மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"மகாராணியாரின் பாட்டை மகாராஜா கண்மூடி, குறட்டையோடு ரசித்தார். மகாராணியார் பேச்சை நிறுத்தினார்."

யாரும் இருமவில்லை. மகாராஜாவின் முகம் போன போக்கு அப்படி. நடந்ததை மறுக்கவும் அவருக்கு வழியில்லை. ஒவ்வோர் எழுத்தும் மெய்யென்று மாதவராயர்தான் சத்தியம் செய்து தொலைத்திருந்தாரே.

மாதவராயர் மட்டும் விடவில்லை. "அவள் ஓலை ஒன்று மிச்சம் இருக்கிறதே. அவள் வந்த பிறகுதானே இத்தனையும் நடந்தது? அதை எல்லாவற்றுக்கும் மேலே வை" என்றார்.

"நல்ல யோசனை" என்று காளத்தி வைத்தான். வாசித்தான். "பூவாத்தாள் என்பவள் அரண்மனை அடுப்படியில் சேர்ந்தாள். மகாராஜா ஒரே அமர்வில் முப்பத்திரண்டு அதிரசம் உண்டருளினார்."

கொஞ்சம் நிறுத்தி, மாதவராயர் பக்கம் திரும்பினான். "குற்றம் இதுதான் என்றால் தண்டனையை நீங்களே சொல்லுங்கள் ஐயா. உங்கள் மைத்துனர் சமைத்த பன்னிரண்டு வருஷத்தில் யாரும் இரண்டாவது அதிரசம் கேட்டதாக ஓர் ஓலை உண்டா?"

அந்தப்புரத்துத் திரைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அது மகாராணியின் சிரிப்பு. ஒன்பது நாளாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முனகல்கூட வந்ததில்லை.

மகாராஜா ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். அவர் சிரித்த பிறகு சபையும் தைரியமாகச் சிரித்தது. பூவாத்தாள் அடுப்படிக்குத் திரும்பலாம் என்று உத்தரவாயிற்று. நாவிதனைத் திருப்பி அனுப்பினார்கள். காளத்திக்கு ஒரு பட்டுச் சால்வையும், ஒரு தட்டு அதிரசமும்.

சால்வையைப் போர்த்திக்கொண்ட காளத்தி நகரவில்லை. எழுத்தாணியை வாங்கி இரண்டு புதிய ஓலை எழுதினான். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சிம்மாசனத்தின் அருகே போனான்.

"மகாராஜா, இன்றைக்கு நடந்தது இது. எது முதலில் என்று உத்தரவு வேண்டும். நடந்தபடி கோத்தால், 'மகாராணியார் சிரித்தார். மகாராஜா பூவாத்தாளை விடுதலை செய்தார்' என்று வரும். தாங்கள் வீட்டுக்குப் பயந்தவர் என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மாற்றிக் கோத்தால், தாங்கள் நியாயம் வழங்கியதில் மகாராணியார் மகிழ்ந்துவிட்டதாக இருக்கும்."

மகாராஜா மறுபடி திரையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாற்றிக் கோத்துவிடு. ஆனால் கோப்பதற்கு முன்னால் உள்ளே காட்டி, சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வா."