லிப்சாவை எந்த டாக்டரிடம் காட்டுவது?

இந்தக் கதையை நிதானமாகப் படியுங்கள். கதையில் வருகிற எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள்.

பல்லடத்துப் பக்கம், நூற்பாலைகளுக்கு நடுவே ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி. மூன்றாம் வகுப்பில் லிப்சா என்று ஒரு சிறுமி. அவள் அம்மா மினதி ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வருடமாக ஆலையில் வேலை பார்க்கிறாள். மகளை ஜூன் மாதம்தான் அழைத்து வந்து பள்ளியில் சேர்த்தாள். ஏழு மாதமாகியும் லிப்சா தமிழில் நாலு வார்த்தை பேசவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மருத்துவ முகாம். வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். ஒரு குழந்தையை ஒரு டாக்டரிடம்தான் காட்டலாம். யாரிடம் என்று நான்கு மணிக்குள் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அங்கே கிடைக்கிற சான்றிதழை வைத்துத்தான் லிப்சா இனி எங்கே, எப்படிப் படிப்பாள் என்பது முடிவாகும். மணி மூன்றே கால்.

“மனநல டாக்டர்னு எழுதிரலாங்க சார்,” என்றார் வகுப்பாசிரியை பூங்கொடி, தலைமையாசிரியர் மருதாசலத்திடம். “எந்திரின்னா எந்திரிக்க மாட்டா. மத்த புள்ளைங்க எந்திரிக்கறதப் பார்த்துட்டுத்தான் எந்திரிப்பா. எல்லாரும் சிரிச்சு முடிச்ச பொறவு இவ சிரிப்பா. வாய்க்கணக்குல முட்டை.”

“போர்டுல எழுதிப் போட்டா?” என்று கேட்டார் ஜெசிந்தா. செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிற சிறப்பாசிரியை அவர்.

“அது எல்லாம் சரியாத்தான் போடறா. பக்கத்துல பார்த்து எழுதறாளோ என்னமோ.”

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. “தெரியாத பாஷையில கேட்டுட்டு புத்தி இல்லைன்னா எப்படி டீச்சர்? உங்களை ஒடியாவுல கேட்டா நீங்களும் முட்டைதான்.”

அவர் ஏற்கெனவே மினதிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு மினதி வந்து நின்றாள். ஜெசிந்தா ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, மினதி மகளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி, ஒடியாவில் கேட்டாள். லிப்சா டக்டக்கென்று பதில் சொன்னாள். மினதி அதைத் தமிழில் சொல்ல, ஜெசிந்தா நோட்டில் குறித்துக்கொண்டார். மழை வந்தால் என்ன செய்வாய் என்றதற்கு, “நனைவேன்” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பத்தாவது கேள்வியை மினதி, ஷிஃப்டுக்குத் திரும்ப நேரமாகிறதே என்று பின்னால் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டாள். லிப்சா பேசாமல் அம்மாவின் முடியிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“களைச்சுட்டா, பாவம்,” என்று ஜெசிந்தா நோட்டை மூடினார். “பத்துக்கு ஒன்பது! இவளுக்கு ஒரு குறையும் கிடையாது. முகாமே வேண்டாம் சார். தமிழ் சொல்லிக்கொடுத்தா போதும்.”

படிவம் கேட்டு மருதாசலத்தின் போன் மூன்றாவது முறையாக அடித்தது. “ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு இருந்தா படிவம் தானா போயிருமா? காது டாக்டர்னு எழுதிருங்க.”

“காது எதுக்குங்க சார்?” என்று கேட்டார் பூங்கொடி.

“போன வருசம் அவருகிட்டதானுங்க கூட்டமே இல்ல. சீக்கிரம் முடிஞ்சிரும்.”

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம். பூங்கொடி பேனாவைத் திறந்தார், மூடினார். மினதி செருப்பை மாட்டிக்கொண்டு, போகவும் முடியாமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

நீங்கள் சொல்லுங்கள். படிவத்தில் யார் சொன்னதை எழுத வேண்டும்? மூவரில் யார் செய்தது சரி?

விடை: எழுத வேண்டியது காது டாக்டரைத்தான். போர்டில் பார்த்தால் வருகிற கணக்கு, வாயால் சொன்னால் வரவில்லை. அப்படியென்றால் புத்தியில் குறையில்லை. அம்மா முகத்தைத் திருப்பியதும் ஒடியாவிலும் பதில் நின்றுபோனது. அப்படியென்றால் மொழி மட்டுமே காரணமில்லை. லிப்சா பாதியைக் காதால் கேட்கிறாள், மீதியை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். பழகிய ஒடியாவில் அது முடிகிறது, புதிய தமிழில் முடியவில்லை. மருதாசலம் சொன்னது சரி, ஆனால் அவர் லிப்சாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சரியாகச் செய்யத் தொடங்கியவர் ஜெசிந்தாதான். குழந்தையின் மொழியில் கேட்க வைத்தவர் அவர் ஒருவரே. ஒன்பதை எண்ணிய சந்தோஷத்தில் பத்தாவதை விட்டுவிட்டார். ஏன் தாடையைப் பிடித்துக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் மினதியே சொல்லியிருப்பாள். மகளிடம் கேட்கச் சொல்லி அவளுக்குப் பத்துக் கேள்விகள் கொடுத்தார்கள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.