ஆவுடையக்காவின் நாற்காலி

குருவுக்கு வயது இருபத்தொன்பது, சீடருக்கு ஐம்பத்து மூன்று. சிரிக்காதீர்கள், பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த அந்த அச்சகத்தில் அப்படித்தான் நடந்தது.

பார்வையற்ற பிள்ளைகள் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் புத்தகம் போடுகிற சின்ன அச்சகம் அது. பிச்சையா அங்கே பத்து வருஷமாக மிஷின்மேன். அதற்கு முன்னால் இருபது வருஷம் டவுனில் ஆஃப்செட் மிஷின் ஓட்டியவர். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஜெசிந்தா வந்து சேர்ந்த மறுமாதமே அவளிடம் போய், எனக்கும் இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுற அந்த லினக்ஸைச் சொல்லிக்கொடுங்க டீச்சர் என்று கேட்டுவிட்டார். தெரியாததைக் கேட்க என்ன வெட்கம்?

அந்த வாரம் பதினோரு பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகம் போக வேண்டியிருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் ஏற்றினால்தான் திங்கட்கிழமைப் பரீட்சைக்குள் அவர்கள் கைக்குக் கிடைக்கும். ஆனால் வர்க்கமூலக் குறி வந்த இடமெல்லாம் தாளில் வெறுமையாக விழுந்துகொண்டிருந்தது. எழுத்தைப் புள்ளியாக மாற்றித் தருகிற லைப்ரரி ரொம்பப் பழசு. லைப்ரரி என்றால் பயப்பட ஒன்றுமில்லை, பல புரோகிராம்கள் பொதுவாகக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்கிற ஒரு கோப்பு, அவ்வளவுதான். அதன் புதுப் பதிப்புக்குக் கணக்குக் குறியெல்லாம் அத்துப்படி.

புதன்கிழமை மத்தியானம் வந்து போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, தன் அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக ஜெசிந்தா நாகர்கோவில் போயிருந்தாள்.

பிச்சையாவுக்குக் கை சும்மா இருக்குமா? புதன் காலையிலேயே தன் கையால் புது லைப்ரரியை இறக்கிப் போட்டார். அது தன் பெயரோடும் இரண்டு என்ற தன் பதிப்பு எண்ணோடும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தது. கணக்குக் குறிகளை மாற்றுகிற புரோகிராமும் அதைப் பிடித்துக்கொண்டது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

புள்ளி குத்துகிற மிஷினை ஓட்ட இன்னொரு புரோகிராம் உண்டு. அது மட்டும் ஒன்று என்ற எண் போட்ட பழைய லைப்ரரியையே பெயர் சொல்லிக் கூப்பிட்டது. இது பிச்சையாவுக்குப் பொறுக்கவில்லை. ஆஃப்செட்டில் தேய்ந்த ரோலரைக் கழற்றினால்தான் புது ரோலரை மாட்ட முடியும், ஒரு இடத்தில் இரண்டு நிற்காது. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? பழைய கோப்பை அழித்தார். புதுசுக்குப் பழசின் பெயரையே வைத்தார். மிஷினும் மறுபேச்சுப் பேசாமல் தடதடவென்று குத்த ஆரம்பித்தது. மனுஷருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிழை பார்க்கிற ஆவுடையக்காவிடம் முதல் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் அவர் விரலை ஏமாற்றிவிட்டு ஒரு தப்பு அந்த அச்சகத்து வாசலைத் தாண்டியதில்லை. விரல் இரண்டு வரி ஓடி நின்றது.

"அண்ணாச்சி, இது எந்த ஊர் பாஷை?"

தமிழும் இல்லை, கணக்கும் இல்லை, தாள் முழுக்கக் கன்னாபின்னாவென்று புள்ளி. மிஷின் புரோகிராம் பழைய லைப்ரரியிடம் கேட்கிற முறையிலேயே கேட்டது, புதுசு தன் முறையில் பதில் கொடுத்தது, இரண்டும் ஒட்டவில்லை. பழசைத் திரும்ப வைக்கலாம் என்றால் அதைத்தான் அழித்தாயிற்றே. பதினோரு பிள்ளைகளும் புத்தகமில்லாமல் பரீட்சைக்குப் போவதை நினைத்து நினைத்து, பிச்சையா கொண்டுவந்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

மத்தியானம் ஜெசிந்தா வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் திட்டவில்லை. முன்பே நகல் எடுத்து வைத்திருந்த பேக்கப்பிலிருந்து பழைய கோப்பைக் கொண்டுவந்து, பழைய இடத்தில், பழைய பெயரிலேயே வைத்தாள். புதுசுக்கு அதன் சொந்தப் பெயரைத் திரும்பக் கொடுத்துப் பக்கத்திலேயே இருக்க விட்டாள். ஒரு காபி ஆறுகிற நேரம்தான் ஆயிற்று. மிஷின் மறுபடி குத்தியது. ஆவுடையக்காவின் விரல் வர்க்கமூலக் குறியில் போய் நின்றது. வந்துட்டுது என்றார் அக்கா.

பிச்சையாவுக்குப் போன உயிர் திரும்பியது. உயிரோடு வாயும் திரும்பிவிட்டது.

"புதுசு எல்லாத்துலயும் உசத்திதானே டீச்சர்? பின்ன பழசை எப்பத்தான் அழிக்கது?"

ஜெசிந்தா மூலையைக் காட்டினாள். ஆவுடையக்காவுக்கென்று போன வாரம் வந்த மெத்தை வைத்த புது நாற்காலி, உறைகூடப் பிரிக்காமல் அங்கே கிடந்தது.

"அக்காவுக்கு அதைப் போட்டுட்டு வாங்க அண்ணாச்சி."

கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அக்கா டீ குடிக்க எழுந்து போயிருந்தார். அக்கா இடத்தை நினைவு வைத்தே நடமாடுகிற அந்த அச்சகத்தில் குப்பைக்கூடையைக்கூட ஒரு சாண் நகர்த்தக் கூடாது. போன பொங்கலுக்குக் கூட்டிப் பெருக்கியபோது ஒரு ஸ்டூலை இடம் மாற்றி வைத்தவரை உண்டு இல்லை என்று பண்ணியவரே பிச்சையாதான். அவர் புது நாற்காலியைப் பழசுக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டார். பழசைத் தொடவேயில்லை. அக்கா வரும் சத்தம் கேட்டதும், உங்க நாற்காலி இருந்த இடத்துலயே இருக்குக்கா, புதுசு இடது கைப்பக்கம் என்று குரல் கொடுத்தார். அக்கா சரி என்று சொல்லிவிட்டு, தடவிக்கூடப் பார்க்காமல் பழைய நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த தாளை எடுத்தார்.

வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸில் கட்டு ஏறியது. பிச்சையா கண்டக்டரிடம் மூன்று தடவை பத்திரம் சொல்லி, பஸ் திருப்பத்தில் மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு, சந்தோஷமாக டீ குடித்துத் திரும்பினார். அவர் உள்ளே நுழைந்தபோது அக்கா புது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சரி, இனிமேல் பழசு எதற்கு என்று பிச்சையா போய் அதன் முதுகில் கை வைத்தார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி, என் சோத்துப்பை அதுலதான் இருக்கு" என்றார் அக்கா, தலையைக்கூடத் திருப்பாமல்.

பிச்சையா கையை எடுத்துக்கொண்டார். நேராக ஜெசிந்தாவிடம் போனார்.

"டீச்சர், நேத்துக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. பழைய லைப்ரரியை எப்ப அழிக்கது?"

"என்கிட்ட ஏன் கேக்கீங்க?" என்றாள் ஜெசிந்தா. "அதுல இன்னும் யாரெல்லாம் உக்காந்திருக்காங்கன்னு பார்த்து, அவங்ககிட்ட கேளுங்க."