எலுமிச்சை மரத்து வளைவு

“டாக்டரம்மா, என்ர ரயிலு விழுந்துக்கிட்டே இருக்குதுங்க.”

வந்ததும் வராததுமாகக் கிட்டுசாமி சொன்னது இதுதான்.

டாக்டர் டெல்பின் நிமிரவில்லை. தன் வீட்டுத் தோட்டத்தில் போட்டிருந்த குட்டி ரயில் பாதையில் மண்டியிட்டு, கன்னம் தரையில் ஒட்டக் குனிந்து, ஒரு கண்ணை மூடித் தண்டவாளத்தை நீளவாக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கீங்ணா விழுகுது?”

“எலுமிச்சை மரத்து வளைவுல.”

“யாராச்சும் உட்கார்ந்திருந்தாங்களா?”

“என்ர சம்சாரம்.”

அதற்குத்தான் டெல்பின் தலையைத் தூக்கினார்.

கிட்டுசாமி சூலூர்க்காரர். பம்பு வார்க்கிற பவுண்டரி வைத்து ஆளானவர். அவர் வார்த்த பம்பு இறங்கிய கிணறு வற்றினாலும் பம்பு நிற்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான்.

கல்யாணமான புதிதில் ஊட்டிக்கு ரயிலில் போகலாமா என்று அவர் மனைவி சம்பூர்ணம் கேட்டாள். இந்த ஆர்டர் முடியட்டும் என்றார். ஆர்டர் முடியவே இல்லை. ஒருவழியாகப் பவுண்டரியை மருமகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தபோது அவள் கேட்டது ஞாபகம் வந்தது. ஊட்டிக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கிட்டுசாமி ரயிலையே வீட்டுக்குக் கொண்டுவர இறங்கிவிட்டார்.

சாண் அகலத்துக்குத் தண்டவாளம். முழங்கால் உயரத்துக்குப் பேட்டரியில் ஓடும் எஞ்சின், அதன் பின்னால் ஆள் உட்கார்ந்து போகிற மாதிரி இரண்டு பெட்டிகள். எல்லாம் அவரே வார்த்தது, அவரே வெல்டு வைத்தது. வீட்டுக்குப் பின்னால் கிணற்றையும் எலுமிச்சை மரத்தையும் சுற்றி வரும்.

சுற்றி வரும் என்பது கணக்கு. விழும் என்பது நடப்பு.

“மொதல்ல வெறும் மண்ணு மேல போட்டேனுங்க. ஒரு மழைக்கு இறங்கிருச்சு. அப்புறம் வளைவுக்கு மட்டும் கான்கிரீட் போட்டேன். வெடிச்சிருச்சு. அப்புறம் லைன் முழுக்கக் கம்பி கட்டி ஒரு அடி கனத்துக்கு ஊத்தினேன். ‘இனி ஆயுசுக்கும் அசையாது, தைரியமா ஏறு’ன்னேன். ஏறுனா. மரத்துக்கிட்டச் சாஞ்சிருச்சுங்க. மணிக்கட்டு ஒடைஞ்சு போச்சு.”

“இப்ப எப்படி இருக்குது?”

“கட்டுப் பிரிச்சாச்சு. கை நல்லாத்தான் இருக்குது. ஆனா ரயிலு பக்கமே வர மாட்டேங்கறா. துணி காயப்போடறதுக்குக்கூட லைனைத் தாண்டறதில்லீங்க. ஈரத்துணியத் தூக்கிக்கிட்டு வீட்டையே சுத்திப் போறா.”

இதைச் சொல்லும்போது கிட்டுசாமியின் குரல் இறங்கிவிட்டது. அவள் கோபித்துக்கொண்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவளோ பயந்துபோயிருந்தாள். அது அவருக்குத் தாங்கவில்லை.

“உங்க லைன்ல வண்டி விழுந்ததே இல்லீன்னு சொல்றாங்க. உங்குளுதும் அதே கரிசல் மண்ணுதான். எப்பவுமே விழாத லைன் எப்படிங்க போடறது? அதை மட்டும் சொல்லிக் குடுங்க. அவ மறுபடியும் ஒரு தடவை ஏறோணும்.”

“எனக்குத் தெரியாதுங்ணா” என்றார் டெல்பின்.

டெல்பின் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். கிட்டுசாமியைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதிகம் பேசமாட்டார். தூங்குகிறவர்களோடு வேலை செய்கிறவருக்குப் பேச்சு எதற்கு?

அவர் மறுபடியும் குனிந்தார். சின்னக் கடப்பாரையால் தண்டவாளத்தைத் தாங்கிய ஒரு மரக்கட்டையை நெம்பித் தூக்கி, அதனடியில் பொடிஜல்லியை விரலால் தள்ளித் தள்ளி இறுக்கினார்.

“என்னங்க பண்றீங்க?”

“இந்தக் கட்டை கொஞ்சம் இறங்கிருக்குது.”

“நேத்து?”

“நேத்து சரியா இருந்துச்சு.”

“அப்ப நாளைக்கு?”

“நாளைக்கு வேறே ஏதாவது கட்டை இறங்கும்.”

கிட்டுசாமிக்குச் சிரிப்பு வந்தது.

“தெனமுமா இதைப் பார்க்கறீங்க?”

“தெனமும்.”

“எதுக்குங்க இந்த வெட்டி வேலை? ஒரே தடவையா நல்லாப் போட்டுட்டாத் திரும்பிப் பார்க்கவே வேண்டாமே.”

“நீங்க அப்படித்தானுங்ணா போட்டீங்க?”

கிட்டுசாமி செருப்பு நுனியால் ஜல்லியைத் தட்டிப் பார்த்தார்.

“அப்ப உங்க லைன் பலமில்லாத லைன்னு சொல்லுங்க.”

“ஆமாங்ணா. ரொம்பப் பலவீனம். ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

ஏறினார். வண்டி வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு குலுக்கல்கூட இல்லை. கிட்டுசாமி கனமான ஆள். அவர் வேண்டுமென்றே ஒருபக்கமாகச் சாய்ந்துகூடப் பார்த்தார். வண்டி கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்கு எரிச்சலாக வந்தது. கம்பி கட்டின லைன் விழுகிறது, ஜல்லியில் மிதக்கிற லைன் நிற்கிறது. இதில் என்ன நியாயம் இருக்கிறது? டாக்டரம்மா தொழில் ரகசியத்தை மறைக்கிறார், வேறு என்ன.

கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அப்படியானால் கரிசலையே தொடாமல் போனால் ஆயிற்று. கிட்டுசாமி இரண்டு நாள் யோசித்தார். பிறகு போர்வெல் வண்டிக்குப் போன் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெல்பினையும் கூப்பிட்டார். ரகசியத்தைத் தானே கண்டுபிடித்துவிட்டதை அவருக்குக் காட்ட வேண்டுமே.

டெல்பின் வந்தபோது போர்வெல் வண்டி வாசலில் நின்றது. பின்கட்டுக்கு அது போக வேண்டுமானால் காம்பவுண்டுச் சுவரை இடிக்க வேண்டும். இடிக்கிற இடத்தைக் கிட்டுசாமி சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார். சம்பூர்ணம் சமையலறைக் கதவில் வந்து நின்றாள். வண்டியைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கிட்டுசாமிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எவ்வளவு ஆழத்துக்குங்ணா துளை போடறீங்க?” என்றார் டெல்பின்.

“பாறை தட்டற வரைக்கும். பாறைல இருந்து தூண் எழுப்பி, தூண் மேல தண்டவாளம். மண்ணு என்ன ஆட்டம் ஆடுனாலும் நமக்கென்ன?”

“அப்புறம் அசையாதா?”

“எப்படீங்க அசையும்?”

டெல்பின் தலையாட்டினார்.

“ஒத்தைக் கால்ல நில்லுங்ணா.”

“எதுக்குங்க?”

“சும்மா நில்லுங்களேன்.”

போர்வெல் ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்றால் முடியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். கிட்டுசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். இடது காலைத் தூக்கினார். அந்த வயதுக்கு அருமையாகவே நின்றார்.

“நல்லா நிக்கறீங்களே.”

“தெனமும் வாக்கிங் போறேனுங்கல்ல.”

“கணுக்கால் ஆடுது பாருங்க.”

கிட்டுசாமி குனிந்து பார்த்தார். ஆமாம். வலது கணுக்கால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், ஒரு நொடிகூட ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

“ஆடாம நில்லுங்க” என்றார் டெல்பின்.

கிட்டுசாமி பல்லைக் கடித்தார். பாதத்திலிருந்து கழுத்துவரை விறைத்தார். அசையக் கூடாது என்று கணுக்காலை இறுக்கிப் பிடித்தார். அடுத்த நிமிஷம் போர்வெல் வண்டியின் டயரைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தரை மேடு பள்ளமா இருக்குதுங்க.”

“இங்க வந்து நில்லுங்க. இது சமமா இருக்குது.”

நின்றார். இறுக்கினார். சாய்ந்தார்.

மூன்றாம் தடவை மூச்சையும் அடக்கிப் பார்த்தார். இந்தத் தடவை பிடித்துக்கொள்ள டயர் பக்கத்தில் இல்லை. தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தார்.

சமையலறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சம்பூர்ணம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். கை உடைந்த நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் கேட்கவில்லை. கிட்டுசாமிக்கு அவமானம் மறந்துபோனது. சந்தோஷத்தில் இன்னொரு தடவை விழலாமா என்றுகூடத் தோன்றியது.

டெல்பின் சமையலறைக்குள் போனார். சம்பூர்ணத்தோடு உட்கார்ந்து காபி குடித்தார். எலுமிச்சை ஊறுகாய் நன்றாக இருக்கிறது என்றார். கிளம்பிப் போய்விட்டார்.

கிட்டுசாமி இன்னும் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, செவுத்த இடிச்சுரலாங்களா?” என்று கேட்டார் போர்வெல் டிரைவர்.

கிட்டுசாமி தன் வலது கணுக்காலைத் தடவிப் பார்த்தார்.

“வண்டியத் திருப்பிக்குங்க தம்பி.”

போட்ட கான்கிரீட்டை உடைப்பது போடுவதைவிடப் பெரிய வேலையாகிவிட்டது. தான் ஊற்றின கான்கிரீட் எவ்வளவு பலம் என்று கிட்டுசாமிக்கு அப்போதுதான் தெரிந்தது. பெருமையாகவும் இருந்தது, கடுப்பாகவும் இருந்தது. ஆனால் உடைத்து முடித்தார். பொடிஜல்லி பரப்பினார். மரக்கட்டை அடுக்கினார். அதன் மேல் தண்டவாளத்தை வைத்தார்.

காலையில் போய்ப் பார்த்தால் வளைவு சாய்ந்திருந்தது.

நெம்பி, ஜல்லி தள்ளி, சரிசெய்தார். மறுநாள் வேறு இடம் இறங்கியிருந்தது. முதல் வாரம் முழுக்க மண்ணைத் திட்டிக்கொண்டே வேலை செய்தார். அப்புறம் திட்டுவது குறைந்தது. அதற்கும் அப்புறம், விடிந்ததும் கால் தானாகத் தோட்டத்துக்குப் போனது. எந்தக் கட்டை வெயிலுக்கு இறங்கும், எது கிணற்றடி ஈரத்துக்குத் தூக்கும் என்று தெரிய ஆரம்பித்தது. கன்னத்தில் கரிசல் ஒட்டியபடியே காலைப் பலகாரம் சாப்பிட உட்காருவார். சம்பூர்ணம் துண்டை எடுத்துக் கொடுப்பாள்.

அவளை ஏறச் சொல்லி அவர் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று தினமும் நாக்கு துடித்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

சம்பூர்ணம் முதலில் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பிறகு கதவில் நின்று பார்த்தாள். ஒருநாள் ஈரத்துணி வாளியோடு வந்தவள், மண்டியிட்டிருந்த கிட்டுசாமியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டிக் கொடிக்குப் போனாள். கிட்டுசாமி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்தால் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் பார்த்துவிடுவாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில் எலுமிச்சை மரத்து வளைவு விரல் கனத்துக்கு இறங்கியிருந்தது. கிட்டுசாமி ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி நிறுத்தினார். பெட்டியில் மணல் மூட்டை ஏற்றி ஒரு சுற்று ஓட்டினார். இறங்கி, இரண்டு இடத்தில் இன்னும் கொஞ்சம் ஜல்லி தள்ளினார். மறுபடி ஓட்டினார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால், சம்பூர்ணம் காபியோடு நின்றிருந்தாள்.

“ஏனுங்க, இனிமே விழாதுங்களா?”

கிட்டுசாமி வாயைத் திறந்தார். பவுண்டரிக்காரர் வாய். காலமெல்லாம் கேரண்டி கொடுத்துப் பழகின வாய்.

மூடிக்கொண்டார்.

மண்டியிட்டார். ஈரத் தரையில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, வளைவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இன்னொரு தடவை பார்த்தார். எழுந்து வந்தார்.

“இன்னிக்கு விழாது.”

“நாளைக்குங்க?”

“நாளைக்குக் காலைல பார்த்துட்டுத்தான் சொல்லோணும்.”

சம்பூர்ணம் காபி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள்.