வலக் கன்னத்து மச்சம்

குறும்பியாற்றுக்கு அக்கரையில் வேறு ராஜ்யம். இக்கரையில் மந்திரி பூதலிங்கத்தின் ராஜ்யம். அரசர் என்றும் ஒருவர் இருந்தார். அங்க அடையாளம் எழுதி முத்திரை குத்திய ஓலை இல்லாமல் ஈ எறும்புகூட ஆற்றைத் தாண்டக்கூடாது என்பது மந்திரியின் உத்தரவு. ஓலை எழுதும் வேலை அவருடைய மைத்துனனுக்கு. எழுத்தைவிடத் தன் மீசையில் அக்கறை உள்ளவன்.

ஒருநாள் பட்டு வேட்டியும் சந்தனமுமாக ஒரு வாலிபன் ஓடிவந்து சபையில் விழுந்தான். பெயர் ஆண்டியப்பன்.

"மகாராஜா, நாளைக்கு அக்கரையில எனக்குக் கல்யாணம். ஓலையில வலக் கன்னத்துல மச்சம்னு எழுதியிருக்காங்க. எனக்கு இடக் கன்னத்துல இருக்கு. நான் நானே இல்லைன்னு காவலருங்க துரத்திட்டாங்க. மூக்குல மச்சம் உள்ள மேளக்காரர்கூட ஆத்தைத் தாண்டிட்டார். மாப்பிள்ளை நான் இங்க நிக்கிறேன்!"

"ஓலை பொய் சொல்லாது. முகம்தான் பொய் சொல்லும்" என்றார் மந்திரி. "புது ஓலைக்கு மனுப் போடு. மூன்று மாதத்தில் கிடைக்கும்."

"அதுக்குள்ள அவளை வேற ஒருத்தனுக்குக் கட்டி வச்சிடுவாங்க சாமி!"

அரசவை விகடகவி செங்கோடருக்கு விஷயம் விளங்கிவிட்டது. எதிரே உட்கார்ந்து எழுதிய மைத்துனன், தன் வலது கைப் பக்கம் தெரிந்ததையெல்லாம் வலது என்றே எழுதித் தள்ளியிருக்கிறான். இந்த லட்சணத்துக்கு முத்திரை வேறு!

"மந்திரியார் சொல்வது நியாயம்" என்றார் செங்கோடர். மந்திரிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "தங்கள் ஓலையைக் கொஞ்சம் படிக்கலாமா?"

மந்திரி பெருமையாக நீட்டினார். நாட்டிலேயே முதல் ஓலை அது. செங்கோடர் உரக்கப் படித்தார்: "பூதலிங்கம். வலப் புருவத்தில் வெட்டுத் தழும்பு."

சபை மொத்தமும் மந்திரியின் இடப் புருவத்தைப் பார்த்தது.

"யாரய்யா நீ? எங்கள் மந்திரியை என்ன செய்தாய்?" என்று அதட்டினார் செங்கோடர்.

"நான்தான் பூதலிங்கம்! இருபது வருஷமாக எல்லோருக்கும் தெரியுமே!"

"இந்த மாப்பிள்ளையையும்தான் ஊருக்கே தெரியும். முகம் பொய் சொல்லும் என்றது யார்?"

அரசர் பதறிப்போனார். "அப்படியானால் என் மந்திரி எங்கே?"

செங்கோடர் அந்தப்புரத்திலிருந்து ஒரு பெரிய கண்ணாடியை வரவழைத்து மந்திரியின் முன்னே நிறுத்தினார். உள்ளே இருந்தவருக்குத் தழும்பு வலப் புருவத்தில் இருந்தது.

"இதோ, பத்திரமாக இருக்கிறார் பிரபு."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்பிள்ளையை என் படகிலேயே ஏற்றி அனுப்புங்கள்!" என்றார். பிறகு செங்கோடரைப் பார்த்து, "மந்திரி பதவியை இப்போது யாருக்குத் தருவது?" என்று கேட்டார்.

"கண்ணாடிக்கே தந்துவிடுங்கள் பிரபு. எதிரே நிற்பவன் முகத்தை அதுவாவது பார்க்கும்."