மாலைப் படகு ரத்து

காலை பத்து மணிக்கு மணற்குடாத் தீவில் இறங்கிய பதினொரு பேரில் ஒருவர் போக்குவரத்துக் கழக மேலாளர் வேதாசலம். பயணிகள் குறைவு என்று, "இன்று முதல் மாலைப் படகு ரத்து" என எழுதிக் கையெழுத்திட்டு, துறையில் கயிறு கட்டும் சந்தியாகுவிடம் நீட்டினார்.

"சாயங்காலச் சந்தைக்கு மீன் எப்படிய்யா போகும்?"

"மீன்தானே, நீந்திப் போகட்டும்!"

சந்தியாகு கஞ்சிப்பசை தடவி அறிவிப்பை ஒட்டினான். மேலாளர் நண்டுக் குழம்பைத் தீர்த்துவிட்டு நாலு மணிக்குத் துறைக்கு வந்தார். படகு கட்டியபடியே கிடந்தது.

"கயித்தை அவுருடா!"

"ரத்துங்கய்யா. உங்க கையெழுத்து."

"அப்போ நான் எப்படிடா போறது?"

"அய்யாவுக்கு நீச்சல் தெரியுமா?"

மீன்கூடைப் பெண்கள் சிரித்தார்கள். மேலாளர் அறிவிப்பை அடித்து, "இன்று மட்டும் படகு உண்டு" என்று எழுதினார்.

சந்தியாகு கயிற்று முடிச்சின்மேல் உட்கார்ந்துகொண்டான். "நாளைக்கும் மீன் கிடைக்கும்யா."

மேலாளர் "இன்று மட்டும்" என்பதையும் அடித்தார்.

2011 பிப்ரவரி 6ஆம் தேதி தீவுக்குப் பாலம் திறக்கும்வரை மாலைப் படகு ஓடியது.