தும்பைக்குப் போட்ட இலை

மலைகளுக்கெல்லாம் மனிதர் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. அந்தக் காலத்தில் குறும்பாறை என்றொரு நாடு இருந்தது. தென்னவராயன் என்ற அரசன் அதை ஆண்டான். அவனிடம் தும்பை என்றொரு பெண் நாய் இருந்தது. தும்பைப் பூவைப் போல வெள்ளை. இந்தக் கதையில் நாய் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆகவே இது அரசனைப் பற்றிய கதை.

ஒரு நாள் வேட்டைக்காட்டில் காட்டுப்பன்றி ஒன்று அரசனைக் கீழே தள்ளியது. அதன் கோரைப்பல் அவன் வயிற்றை நெருங்கிய நேரத்தில் தும்பை பாய்ந்து பன்றியின் காதைக் கவ்வியது. பன்றி உதறியது, தும்பை விடவில்லை. மரத்தில் மோதியது, விடவில்லை. முள்ளில் புரண்டது, அப்போதும் விடவில்லை. ஈட்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். அரசன் பிழைத்தான்.

குறும்பாறையில் ஒரு வழக்கம் இருந்தது. உன் உயிரை ஒருவர் காப்பாற்றினால், உன் இலையில் விழுவதெல்லாம் அவர் இலையிலும் விழவேண்டும், ஆயுள் முழுக்க. அதற்கு உயிர்ச்சோறு என்று பெயர். ஒரு கறி குறைந்தாலும் ஊரார் நன்றிகெட்டவன் என்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அது மனிதருக்காக மனிதர் ஏற்படுத்திய வழக்கம். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அரசனின் இலைக்குப் பக்கத்தில் தும்பைக்கு ஓர் இலை போட்டார்கள். திராட்சை மிதக்கும் அக்காரவடிசில் விழுந்தது. வெங்காயத்தோடு நெய்யில் வறுத்த கறி விழுந்தது. அதிரசம் விழுந்தது. தும்பை அரசன் முகத்தைப் பார்த்தது, வாலை ஆட்டியது, தின்றது.

ஊர் ஊராக ஆட்கள் வந்து பார்த்தார்கள். புலவர்கள் வந்து பாடினார்கள். நாயைப் பாடினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? நாய்க்கும் இலை போட்ட நல்லவனைப் பாடினார்கள்.

மழைக்காலம் ஒன்று வந்து போவதற்குள் தும்பையின் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அரண்மனைப் படி ஏறவே அதற்கு மூச்சு வாங்கியது. பிறகு ஒரு கண்ணில் பால் படர்ந்தது போல வெண்மை படிந்தது.

அரசன் மடைப்பள்ளித் தலைவனைக் கேட்டான். "வாலை ஆட்டுகிறதே அரசே, பிறகென்ன?" என்றான் அவன். வைத்தியரைக் கேட்டான். "வாலை ஆட்டுகிறதே அரசே, பிறகென்ன?" என்றார் அவர். அமைச்சரைக் கேட்டான். தும்பை தோட்டத்தில் புல்லைத் தின்று வாந்தி எடுப்பதை அவர் காலையில்தான் பார்த்திருந்தார். "மூலிகை அறிந்த நாய் அரசே! அதோ, வாலையும் ஆட்டுகிறது, பிறகென்ன?" என்றார்.

மூவருக்கும் கண் இருந்தது. மூவருக்கும் அறிவும் இருந்தது. ஆனால் அரசன் பெருமையாக நினைத்துச் செய்வதைத் தப்பு என்று சொல்லும் வாய் ஒருவருக்கும் இல்லை. ஒரு நாய் சாவதைவிட ஓர் அரசன் முகம் சுளிப்பது அவர்களுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. சீ, என்ன மனிதர்கள்!

அந்தச் சமயத்தில் அரசனின் அக்கா பெருந்தேவி புகுந்த வீட்டிலிருந்து தம்பியைப் பார்க்க வந்தாள். தும்பையைக் குட்டியிலேயே தூக்கி வளர்த்தவள் அவள். வாசலில் அவள் குரல் கேட்டதும் தும்பை எழுந்து ஓட முயன்றது. நாலு அடி வைத்து விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தே வாலை ஆட்டியது.

பெருந்தேவி பந்திக்கு நேராக வந்தாள்.

"என்ன தம்பி, நாய் வளர்க்கிறாயா, பூசணிக்காய் வளர்க்கிறாயா?"

பந்தியில் ஒருவர் சிரித்தார். அரசன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"என் இலைக்கும் அவள் இலைக்கும் ஒரு பருக்கை வித்தியாசம் கிடையாது, அக்கா" என்றான் அரசன்.

"உனக்கும் அவளுக்குமா வித்தியாசம் கிடையாது? நீ எப்போதிருந்து நாலு காலில் நடக்கிறாய்?"

"பிடித்துத்தானே தின்கிறாள்? வாலைப் பார்."

பெருந்தேவி முற்றத்துக்குப் போனாள். வாழை மரத்தடியிலிருந்து ஈரமண்ணை நெல்லிக்காய் அளவு உருட்டிக்கொண்டு வந்தாள். அதைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள். "கொடு" என்றாள்.

தின்னமாட்டாள் என்ற தைரியத்தில் அரசன் கையை நீட்டினான்.

தும்பை முகர்ந்தது. அரசன் முகத்தைப் பார்த்தது. வாலை ஆட்டியது. தின்றது.

"துப்பு, துப்பு!" என்று அரசன் அதன் வாயைத் திறந்து பார்த்தான். மண் உள்ளே போய்விட்டது. தும்பை அவன் விரலை நக்கிக்கொண்டிருந்தது.

"மண்ணும் இவளுக்குப் பிடித்த பண்டமா தம்பி? இவள் வாலை ஆட்டுவது சோற்றுக்கல்ல, உனக்கு. நீ எதைக் கொடுத்தாலும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறாள்."

அரசன் தும்பையின் வாயோரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "இலையைக் குறைத்தால் ஊர் என்னை நன்றிகெட்டவன் என்னுமே, அக்கா?"

"சொல்லட்டும்! குறைத்தால் உனக்குப் பேர்தான் கெடும். குறைக்காவிட்டால் அவளுக்கு மூச்சே நின்றுவிடும்."

அரசன் தும்பையைப் பார்த்தான். விலா எலும்பு தெரியாத உடம்பு மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவனைக் காப்பாற்றிய உடம்பு அது.

"நீ வளர்த்த காலத்தில் இவளுக்கு என்ன போட்டோம் அக்கா?"

"வேகவைத்த கறி, எலும்பு எடுத்தது. கொஞ்சம் சோறு. உப்பில்லை, நெய்யில்லை, வெல்லமில்லை. சில நாள் வெந்த பூசணித் துண்டு."

"இரண்டு இலையும் ஒன்றாக இருக்கவேண்டும், அதுதானே வழக்கம்?" என்று எழுந்தான் அரசன். "நாளையிலிருந்து தும்பைக்கு எது நல்லதோ அதுவே என் இலையிலும் விழட்டும்."

அரசன் இலையில் விழுவதுதானே பந்தியிலும் விழும்? மறுநாள் மடைப்பள்ளித் தலைவன் தன் இலையைப் பார்த்தான். வைத்தியர் பார்த்தார். அமைச்சர் பார்த்தார். உப்பில்லாத சோறு. உப்பில்லாத கறி. உப்பில்லாத பூசணி.

"எப்படி இருக்கிறது?" என்று அரசன் கேட்டான்.

மூவரும் அரசன் முகத்தைப் பார்த்தார்கள். "அமிர்தம் அரசே!" என்றார்கள். மிச்சம் வைக்காமல் தின்றார்கள்.

ஆட்டுவதற்கு வால்தான் இல்லை. ஆனால் தும்பை ஆட்டியது நம்பிக்கையால். இவர்கள் ஆட்டுவது பயத்தால். இவர்கள் இதுவரை சொன்ன புகழெல்லாம் எந்த வகை என்று அரசனுக்கு அன்று விளங்கியது. மறுநாளே அந்த மூவரையும் பந்தியிலிருந்து அனுப்பிவிட்டு, தும்பையோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான்.

தும்பை இளைத்தது. முடி வளர்ந்தது. படியேறியது, பிறகு ஓடியது. ஆனால் வெண்மை படிந்த அந்தக் கண் திரும்பவில்லை. நாடு முழுக்கப் புகழ்ந்த அன்பு ஒரு கண்ணைத் தின்றுவிட்டது. மீதிக் கண்ணால் அது அரசனை முன்போலவே பார்த்தது. அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்கு ஆறாதது அதுதான். அது ஒரு முறையாவது உறுமியிருக்கலாம்.

கேட்டவர்களே, உங்கள் கையை நம்பி வாய் திறக்கும் உயிருக்கு உங்கள் பெருமைக்கு ஏற்றதை அல்ல, அதன் உடம்புக்கு ஏற்றதையே ஊட்டுங்கள்.